மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடி

விடிகாலை மூன்றரைக்கு முதல் டேங்கர். உடுமலைப் பால்.
ஆல்கஹால் விட்டால் திரிகிறதா,
ரோசாலிக் சொட்டினால் சிவக்கிறதா பார்ப்பேன்.
ஃபார்மலின் கலந்திருந்தால்
குழாயின் இடுப்பில் ஊதா வளையம் வந்து நிற்கும்.
பொய் சொல்லும் பால் எதையும்
பாலக்காட்டுக்குள் நான் விட்டதில்லை.

நின்றுகொண்டேதான் பதிவேடு எழுதுகிறேன்.
நாற்காலி இருக்கிறது.
மூலமா என்றாள் ரெஜினா.
ஆமாம் என்றேன்.
மூலம், வெளியே சொல்லக்கூடிய வார்த்தை.

நான்கு வருஷம்.
உள்ளாடைத் தையல் உரசினால் போதும்,
மிளகாய் அரைத்த கை பட்டது போல.
ஸ்கூட்டரை விற்றாயிற்று.
மயில்சாமி சுவரைப் பார்த்துப் படுக்கிறான்,
கோபமில்லை,
என் முகம் சுளிப்பதைப் பார்க்க அவனுக்குப் பயம்.

பொள்ளாச்சியில் களிம்பு.
சித்தூரில், இல்லாத பூஞ்சைக்கு மாத்திரை மூன்று மாதம்.
கோவையில், ஒரு பிள்ளை பெத்தா சரியாயிடும்.
(பிள்ளை எப்படி வரும் என்று அவர் சொல்லவில்லை.)
ரிப்போர்ட் எல்லாம் நார்மல்.
நானும்தான் நாளுக்கு நாற்பது வண்டிக்கு
அதே சொல்லை எழுதி சீல் குத்துகிறேன்.

திருச்சூர் டாக்டர் ஜெஸ்னா
பஞ்சு சுற்றிய குச்சியால் கடிகாரம் போலத் தொட்டாள்.
பன்னிரண்டு, ஒன்றுமில்லை.
மூன்று, ம்.
ஐந்தில் மேசை விளிம்பைப் பிடித்தேன்.
ஆறில் கத்திவிட்டேன்.
"அஞ்சு, ஆறு, ஏழு" என்றாள். நர்ஸ் எழுதினாள்.
அந்தப் பேனாச் சத்தத்துக்குத்தான் அழுதேன்.

பாதி மலையாளம், பாதி தமிழ்:
எப்போதோ வந்த தொற்றை விரட்டிய காவல் செல்கள்
அது போனதை நம்பாமல்
இன்னும் ஹிஸ்டமின் கொட்டிக்கொண்டிருக்கலாம்.
நரம்பு ஒன்றிருந்த இடத்தில் பத்து முளைத்திருக்கலாம்.
பத்தொன்பது வயதில், தீட்டு ஒழுங்காக வர
நான் விழுங்கத் தொடங்கிய மாத்திரை
ஹார்மோனை வற்றவைத்துத் தோலை மெலித்திருக்கலாம்.
கீரையை விடணுமா டாக்டர், அதில் ஆக்சலேட்டாமே?
வேண்டாம், அதற்குச் சாட்சி போதாது.
ஆயிரிக்காம், ஆயிரிக்காம் என்று
வரிக்கு வரி சொன்னாள்.
தெரியாது என்பதை இவ்வளவு மரியாதையாக
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வலிக்கிற இடத்துக்கு லத்தீனில் முன்வாசல் என்று பெயராம்.
பஸ்ஸில் ஒரு பிருஷ்டம் மாற்றி ஒரு பிருஷ்டமாக உட்கார்ந்து
கொழிஞ்சாம்பாறை வரை
அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாத்திரையை நிறுத்தி ஏழு வாரம்.
இரவில் களிம்பு, பட்டாணி அளவு.
நேற்று நாற்காலியில் நான்கு நிமிஷம்.
இன்று முடியவில்லை.

வெளியே டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.
"எவ்ளோ நேரம் மேடம்?
பாத்தாலே தெரியுதுல்ல, பால் வெள்ளையாத்தானே இருக்குது!"

வெள்ளையாத்தாங்க இருக்கும்,
பொறுங்க.