கலங்கல்

சாரி-பெல் அணையின் கீழ்ச்சரிவில்
ஏப்ரல் ஒன்பதாம் தேதி
ஆட்டுக்குட்டியைத் தேடிப் போன பையன்
பூட்ஸ் நனைந்து திரும்பினான்.
மழை இல்லை. பனியும் உருகி முடிந்திருந்தது.
மண் உள்ளிருந்து வியர்த்துக்கொண்டிருந்தது.

மேலே, கரையின் உச்சிச் சாலையில்
என் கை நுழையுமளவு விரிசல்,
நாற்பது மீட்டர், வில்லாக வளைந்து.
அளவுக்குழாய்களில் கயிறு இறக்கினேன்.
ஏழாம் குழாயில் தண்ணீர்
இருக்கவேண்டிய இடத்துக்கு மூன்று மீட்டர் மேலே
அழைக்காமல் வந்து உட்கார்ந்திருந்தது.

பீஷ்கெக்கிலிருந்து பெகிமாய் வந்தாள்.
பையில் மாற்றுத்துணி ஒன்று,
மூடியோடு இருபது கண்ணாடி ஜாடிகள்,
ஆப்ரிகாட் ஜாம் வாசனை இன்னும் போகாதவை.
மணிக்கொரு ஜாடி பிடி, என்றாள்.
தெளிந்து வந்தால் தண்ணீர் போகிறது.
கலங்கி வந்தால் அணை போகிறது.

சோவெத்பெக் அதற்குள் புல்டோசரை
உச்சிக்கே ஏற்றி நிறுத்தியிருந்தான்.
விரிசலில் மண்ணைக் கொட்டி மிதித்துவிடலாமே?
'முதலில் இதை இறக்கு.
தலைப்பாரத்தில்தான் இது சரிகிறது.
பாரத்தைக் காலடியில் வை.'
விரிசலுக்குக் கிடைத்தது
யாரோ வீட்டுக் கல்யாணக் கூடாரத்தின் நீலத் தார்ப்பாய் மட்டும்.

அடிவாரத்தில் முதலில் மணல்,
மணல்மேல் சரளை,
சரளைமேல் ஆற்றின் பெரிய கற்கள்.
தண்ணீருக்கு வழி விடும்,
கூடவே நழுவப் பார்க்கும் மண்ணைச்
சட்டையைப் பிடித்து நிறுத்தும்.

மதகைத் திறந்தோம்.
நாளுக்கு முப்பது சென்டிமீட்டர், அதற்கு மேல் கூடாது.
அவசரப்பட்டால்
இத்தனை நாள் சாய்ந்திருந்த ஏரி விலகிப்போக
ஈரம் கனக்கும் முன்சரிவு
தானாகவே உட்கார்ந்துவிடும்.

கீழேயிருந்து குதிரையில் வந்தார்கள், பழைய ஆடி காரில் வந்தார்கள்.
வெள்ளை பீன்ஸ் போடும் ஊர்கள் மூன்று.
'இன்னும் விதைக்கவே இல்லை,
ஜூலைத் தண்ணீரை ஏப்ரலில் விடுகிறாயே'
என்று உர்மத் கத்தினார்.
பெகிமாய் ஏழாம் குழாயின் கணக்கைக் காட்டினாள்.
எண்ணைப் பார்த்துப் பசியாறியவர் யார்?
சோவெத்பெக்குக்கும் அங்கே இரண்டு ஹெக்டேர்.
கூட்டத்தில் நின்று எல்லாம் கேட்டான்.
பிறகு வண்டியில் ஏறி
அன்று முப்பத்தோரு நடை கல் தள்ளினான்.

ஐந்தாம் இரவு, மூன்று மணி ஜாடி.
விளக்கில் பிடித்தேன். உள்ளே ஒரு சொட்டுப் பால்போல.
அவளும் தூங்கவில்லை.
மேசையில் வைத்து, அடியில் படியும்வரை
இருவரும் மூச்சைப் படியவைத்தோம்.
நகத்தின் கனம்.
நான்கு மணிக்கு அதில் பாதி.
ஐந்துக்கு, இருந்ததா இல்லையா என்று
எனக்கும் அவளுக்கும் சண்டை.

விடிந்தபோது கடைசி இரண்டு ஜாடிகளில்
ஜன்னலுக்கு அப்பாலுள்ள மலை
பனியோடு தலைகீழாக நின்றது.

சோவெத்பெக் குனிந்து பார்த்தான்.
'அப்படியென்றால் மதகை மூடலாமா?'
'இன்னும் நான்கு மீட்டர்.'
அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான்.
வெளியே இரைச்சலோடு
ஜூலை போய்க்கொண்டிருந்தது.