வெள்ளம் என்று ஒரு பெயர்

வேலந்தாவளம் எடைமேடையில்
லிஸ்ப் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
தெரிந்தவள் என்பதும் மிகை.
மேக்ரோ அத்தியாயம் முடித்துப் பதினோரு நாள்.
கண்ணில் பட்டதையெல்லாம் மேக்ரோ ஆக்கிக்கொண்டிருந்தேன்.

ஃபங்ஷன் சரக்கைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்கும்.
மேக்ரோ அப்படியில்லை.
தார்ப்பாய் அவிழ்க்காமல், கட்டின கயிறோடு வாங்கி
வேறு வண்டியில் மாற்றிக் கட்டி அனுப்பிவிடும்.
உள்ளே தேங்காயா கோழியா
என்பது அப்புறம் ஓட்டுகிறவர் பாடு.
அதில்தான் மயங்கினேன்.

முதல் அடி ஹம்ஸாவின் லாரியில்.
‘பாரம் மிஞ்சினால் எழுது.’
மிஞ்சிற்றா என்று கேட்க ஓர் இடம், எழுத ஓர் இடம்,
இரண்டிலும் (எடைபோடு) என்று நட்டிருந்தேன்.
கேட்டபோது கிளீனர் செல்வின் வண்டிமேல் இருந்தான்.
எழுதும்போது டீக்கடையில் இருந்தான்.
சீட்டில் எடை வரம்புக்குள்; கீழே அபராதம்.
“எந்தா மோளே இது,
செல்வின் சாயா குடிச்சதுக்கா?” என்றார் ஹம்ஸா.

அடுத்தது தேதி.
ஒரு காற்புள்ளி கூடிப்போனதில்
‘இன்று என்ன நாள்’ என்ற கேள்வி
கம்பைல் ஆகும்போதே கேட்கப்பட்டுவிட்டது.
அன்று செவ்வாய்க்கிழமை.
புதன் வந்த வைக்கோலுக்கும் செவ்வாய்,
வெள்ளி வந்த எருமைகளுக்கும் செவ்வாய்,
விஷுவுக்கு முந்தின நாள்
கணிவெள்ளரி ஏற்றி வந்த நாற்பது டெம்போவுக்கும்
அதே செவ்வாய்.
செவ்வாய் வெறுவாய் என்பார்கள்.
எனக்கு அது மூடவே மூடாத வாய்.

மழைக்காலத்தில் மேடைக்குழிக்குள் ஆற்றுநீர் ஏறும்.
ஏறினால் சைரன் அடிக்க
மேக்ரோவுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன்:
வெள்ளம்.
கஞ்சிக்கோட்டிலிருந்து ப்ரஸீதா
கேன் தண்ணீர்க் கணக்கை அனுப்பினாள்.
அவளும் அதற்கு அதே பெயர்தான் வைத்திருந்தாள்.
அவள் மொழியில் அது தாகம் தீர்ப்பது,
என் மொழியில் ஊரை அடித்துப்போவது.
விரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.
நான் விரிக்கவில்லை.
அவள் தன் வெள்ளத்தில் இருபது என்று போட்டாள்,
என் வெள்ளம் இருபது அடி உயர்ந்தது.
மணல் வெடித்துக் கிடந்த ஆற்றைப் பார்த்து
சைரன் அலறு அலறென்று அலறியது.
யாரோ ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு
மேட்டுக்கு ஓடினார்கள்.

அன்றிரவு ஒவ்வொன்றாக விரித்தேன்.
மொத்தம் ஒன்பது.
எட்டு, வெறும் ஃபங்ஷனாகவே இருந்திருக்கலாம்.
நான் கெட்டிக்காரி என்று காட்ட மட்டும்
மேக்ரோ ஆனவை அவை.
அழித்தேன். கொஞ்சம் வலித்தது.
மிச்சமிருந்த ஒன்றில் வெள்ளத்தை எடுத்துவிட்டு
இயந்திரமே அந்த நொடியில் பெற்றுத் தரும் பெயரை வைத்தேன்,
ஜி நானூற்றுப் பன்னிரண்டு.
எந்தக் கரையிலும் எவளும் பிள்ளைக்கு வைக்காத பெயர்.
அதற்கு அர்த்தம் கிடையாது,
அதனாலேயே அதை நம்பலாம்.

மறுநாள் ப்ரஸீதா நேரிலேயே வந்துவிட்டாள்,
பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த முகம்.
திட்டுவாள் என்று எழுந்து நின்றேன்.
பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டி
“வெள்ளம் வேணோ?” என்றாள்.
ஒரு கணம் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தேன்.
பிறகு வாங்கிக் குடித்தேன்.