தலையணைக் கற்கள்

சுற்றறிக்கையின் தலைப்பு
'நம் ஊரை அறிவோம்.'
எட்டாம் வகுப்பு, இரண்டு பேருந்து, பிப்ரவரி வியாழன்,
தொப்பி கட்டாயம், கைப்பேசி கூடாது.
கையெழுத்துப் போடும்போது
உறுத்தவில்லை எனக்கு அந்த 'நம்'.

சோஹாரிலிருந்து புரைமி போகும் சாலையில்
வாதி ஜிஸ்ஸி.
ஹம்தான் வண்டியை ஓரங்கட்டி
டயருக்கு ஒரு கல் முட்டுக்கொடுத்தார்.
அந்தக் கல்லுக்கே ஒன்பதரைக் கோடி வயது,
அப்புறம்தான் கவனித்தேன்.

ஓடை அறுத்த பாறைச்சுவர் முழுக்க
மூட்டைமேல் மூட்டை.
"குடோன் மாதிரி இருக்கு மிஸ்" என்றான் பாதுஷா.
அவன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை.

குடோன் இல்லை, கடலடி.
நெருப்புக் குழம்பு தண்ணீர் பட்ட கணத்தில்
தோல் இறுகி, உள்ளே இன்னும் கொதித்து,
பிதுங்கி, கீழே கிடந்ததன் மேல்
சரிந்து படுத்த இடம் இது.
தலையணைக் குழம்பு என்று பெயர்.

சொன்னதுதான் தாமதம்,
பதினோரு பேர் கன்னம் வைத்துப் பார்த்தார்கள்.
"இன்னும் சுடுது மிஸ்!"
அது வெயில்டா.

வெள்ளை நரம்பில் ஒரு சொட்டு அமிலம் விட்டோம்.
நுரைத்தது. கைதட்டினார்கள்.
பச்சையாய்க் கறை படிந்திருந்த இடத்தில்
தாமிரம் என்றேன்;
இதை வாங்க ஐயாயிரம் வருஷம் முன்னாலேயே
கடல் தாண்டி ஆள் வந்தது என்றேன்.
"என்ன விசால?" என்றது ஒரு குரல்.

பெருமைப்படுங்கள் என்று
நான் எங்கேயும் சொல்லவில்லை.
பாடக் குறிப்பில் இருந்தது. நேரம் இல்லை.

எலுமிச்சைச் சோற்றுக்குப் பிறகு தாள் கொடுத்தேன்.
கல்லின் நிறம், கடினம், தொட்டால் எப்படி.
கடைசி வரி: உன் சொந்த ஊர்.

பாதுஷா: கீழக்கரை. மூன்று தடவை போயிருக்கேன்.
மெர்சி நிவேதா: தூத்துக்குடி, அடித்து,
சோஹார், அதையும் அடித்து,
ஃபலஜ் அல் கபாயில், லாண்டரிக்கு மேல் மாடி.
இளமாறன்:
மார்ச் 14 வரைக்கும் சோஹார்.

அவன்தான் கேட்டான்,
கடலுக்கு அடியில் கிடந்தது
மலைக்கு எப்படி வந்தது என்று.
தரை தரையைத் தள்ளியது.
இது வந்து ஏறிக்கொண்டது.
"அப்ப இந்த மலை வந்தேறியா மிஸ்?"

அந்தச் சொல்லை
எந்த வீட்டு டிவியில் கேட்டானோ.
வகுப்பே சிரித்தது.
என்ன சிரிப்பு என்று ஹம்தான் கேட்க,
என் ஓட்டை அரபியில்
மலையும் வெளியூர்தானாம் என்றேன்.
அண்ணாந்து ஒருமுறை பார்த்தார்.
"எங்கம்மா ஸான்ஸிபார்" என்றார்,
லபன் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தபடி.

ஏறுமுன் பைகளைத் தட்டிப் பார்த்தேன்.
கல் எடுக்கக் கூடாது, விதி.
எடுத்துவிட்டால் அடுத்த வகுப்புக்கு
எதைக் காட்டுவது?
நான்கு கைப்பேசி சிக்கியது. கல் சிக்கவில்லை.

மார்ச் பதின்மூன்று, இரவு பத்தரை.
இளமாறனின் அம்மா.
"பெட்டி முப்பத்தொன்னு காட்டுது மிஸ்,
பிரிச்சா காலுறைக்குள்ள ஒரு பாறாங்கல்லு.
நிடோ டப்பா ரெண்டையும் வெளிய எடுத்துட்டேன்,
இத மட்டும் எடுக்க விட மாட்டேங்கறான்.
ஏர்போர்ட்ல கேட்டா
என்னன்னு சொல்றது?"

பின்னால் டேப் ஒட்டும் சத்தம்.
கத்தரிக்கோல் தேடும் சத்தம்.
யாரோ சின்னக் குழந்தை, தூக்கத்தில் அழுகை.

சட்டம் எனக்குத் தெரியாது.
விதி தெரியும், சொன்னவளே நான்.

தலையணைன்னு சொல்லுங்க, என்றேன்.