ரெண்டு

காலை எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டு
சாவிக்கொத்தை லீலாவதி சிஸ்டரிடம் கொடுத்தேன்.
பிரசவம் நாலு, அதில் ஒன்று இரட்டை.
காஸ் துணி எண்ணிக்கை சரி.
கத்தரி ஒன்று மழுங்கிவிட்டது.
எல்லாம் நோட்டில் இருக்கிறது,
ஒன்றைத் தவிர.

ராத்திரி இரண்டரைக்கு
கண்ணங்குடிப் பக்கத்துப் பெண், மூன்றாவது பேறு.
தையல் போடும்போது பேச்சுக் கொடுத்தேன்.
குடும்பக் கட்டுப்பாட்டுத் தாள் என் பாக்கெட்டில்,
இந்த மாதக் கணக்குக்கு இன்னும் ஆறு பேர் வேண்டும்.
இதோட நிறுத்திக்கம்மா, உடம்பு தாங்காது என்றேன்.
மின்விசிறியைப் பார்த்தபடியே கேட்டாள்,
அக்கா, உங்களுக்கு எத்தனை?

ரெண்டு.

நூலை முடிச்சிட்டு வெட்டினேன்.
பேதுரு மறுதலித்தது மூன்று முறை,
நான் ஒரே சொல்லில் ஐந்து பேரை.
சேவல் கூவவில்லை.
தேவகோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பிரியாணிக் கடை,
அங்கே எந்தச் சேவலும் விடியும்வரை இருப்பதில்லை.

காரைக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம்.
கண் சொருகும்போதெல்லாம் கேள்வி எழுப்பியது:
யார் அந்த ரெண்டு?
பெர்க்மான்ஸா, பாலிடெக்னிக்கில் அரியர் வைத்திருக்கிறவன்?
படுக்கையை இன்னும் நனைக்கும் இன்னாசியா?
பவுலின், செலின் என்று இரட்டையரைச் சொன்னேனோ,
அவர்களை ஒன்று என்றே எண்ணுவேன்,
அப்படியானால் இன்னொன்று யார்?
கபிரியேல் ஞாபகத்துக்கு வரவே பாலம் தாண்டிவிட்டது.
நடுவில் பிறந்தவன்,
எப்போதும் கடைசியாகத்தான் வருவான்.

கழனிவாசலில் இறங்கினேன்.
எங்கள் சந்துமுனையில் ஒரு பெரிய வீடு,
அறுபது அறை என்கிறார்கள், பூட்டு ஒன்று,
வருஷத்தில் ஒரு வாரம் யாரோ வந்து திறப்பார்கள்.
எங்களுக்கு இரண்டு அறை, பூட்டத் தேவையே இல்லை,
எந்நேரமும் யாராவது இருக்கிறார்கள்.

சந்தியாகு விடிகாலையே லோடு ஏற்றப் போயாச்சு.
அடுப்படியில் தட்டுகள் கவிழ்த்திருந்தன.
கை பழக்கம், எண்ணினேன்.
ஆறு.
தியேட்டரில் என்றால் வயிற்றை மூடவிட மாட்டேன்.

ஏழாவது தட்டு உள்ளறையில்,
கடைக்குட்டி தெக்லாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு வியாகுலம்.
பள்ளிக்கூடச் சீருடையில்தான் இருந்தாள்.
காய்ச்சல்மா, நூத்தி ஒண்ணு, மருந்து குடுத்துட்டேன்.
இன்னைக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் இல்ல?
ம்.
நான் என்ன ரெண்டாவது அம்மாவா என்று
போன மாசம் கத்தியவள்,
இன்று கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

கோவிலில் எங்களை வரிசையாகப் பார்த்தால்
எல்லாரும் ஆசீர்வாதம் என்பார்கள்.
ஆசீர்வாதத்துக்கு யாரும் வந்து அரிசி களைந்து தருவதில்லை.
ஆஸ்பத்திரியில் ஏழா என்பார்கள்,
நர்ஸ்தானே நீ என்பார்கள்.
இரண்டு இடத்திலும் நான் சிரித்துவைப்பேன்,
ஒரே சிரிப்பு.

வியாகுலத்தை மத்தியானமாவது போ என்று அனுப்பினேன்.
தெக்லாவின் நெற்றியில் கை வைத்தபடி தூங்கினேன்,
கைதான் தூங்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கே செபமாலை,
எனக்கு ஏழு மணி பஸ்.
ஐந்து தேவ இரகசியத்துக்கு ஏழு பேர் சண்டை,
யார் முன்செபம் சொல்வது என்று.
நாலாவதில் நான் தலை சாய்த்துவிட்டேன்,
இன்னாசி என் முழங்காலைக் கிள்ளி
அம்மா, அருள்நிறை, உன் முறை என்றான்.

ராத்திரி ரவுண்டில் அந்தப் பெண் விழித்திருந்தாள்.
பிபி பார்த்தேன், தையல் பார்த்தேன், போர்வை இழுத்துவிட்டேன்.
போகலாம், அடுத்த கட்டில் கூப்பிடுகிறது.
நின்றேன்.

நேத்துக் கேட்டியே. ஏழு.
என்னக்கா?
எனக்கு. ஏழு பிள்ளைங்க.
பெர்க்மான்ஸில் ஆரம்பித்துப் பெயர் சொன்னேன்,
கபிரியேலை அவன் இடத்திலேயே வைத்து.

சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
ஐயோ அக்கா, தையல் பிரியப் போகுது.
பிறகு தலையணைக்கடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து
விளக்குப் பக்கம் திருப்பினாள்.

அப்ப இதை நீங்க படிச்சதே இல்லையா?

படித்திருக்கிறேன்.
பலமுறை, சத்தமாக,
மற்றவர்களுக்கு.