துணைப்பாடம்

முதன்மைப் பாடம்: கணக்கியல்.
அதற்குக் கீழே இருந்த சின்னக் கட்டத்தில்
நாடகக் கலை என்று எழுதிய அன்று
டுலூத் துறைமுகத்தில் பனிக்கட்டி இன்னும் விடவில்லை.
"அதில் என்ன வரும்?" என்றார் அப்பா.
இருபத்தாறு வருடமாகக் கப்பல்களில்
இரும்புத்தாது ஏற்றுகிறவர்.
எதையும் டன் கணக்கில்தான் கேட்பார்.

முதல் பருவத்தில் எனக்கு வந்தது
ஒரு துடைப்பம்.
மேடையைப் பெருக்கினேன்.
இருட்டில் மின்னும் நாடாவை
எந்தப் படியில் ஒட்டினால்
எவருடைய முழங்கால் பிழைக்கும் என்று கற்றேன்.
ஒருமுறை பிணமாக நடித்தேன், நாற்பது நிமிடம்;
முப்பத்தொன்பது நிமிடம் மூக்கு அரித்தது.
குரல் வகுப்பில் பதினான்கு பேர் தரையில் படுத்துப்
பெருமூச்சு விட்டோம்.
அதற்கு மூன்று மதிப்பெண்.

இரண்டாம் ஆண்டு, பேராசிரியர் ட்ரூடி வான்ஸ்லைக்
பலகையில் ஒரு தாள் குத்தினார்:
மருத்துவ மாணவர்கள் பழக நோயாளிகள் தேவை.
நோய் வேண்டியதில்லை.
மணிக்குப் பதினெட்டு டாலர்.

முதலில் எனக்குக் குடல்வால் வந்தது.
அப்புறம் ஒற்றைத் தலைவலி.
அப்புறம் யாரிடமும் சொல்லாத குடி.
நவம்பரில் ஒரு சனிக்கிழமை
கையில் கொடுத்த தாளில் எனக்கு ஒன்றுமில்லை:
"உங்கள் தந்தை, வயது ஐம்பத்தெட்டு.
சாலைப் பனியில் வண்டி சறுக்கியது.
அறுவை அறையில் இறந்துவிட்டார்.
உங்களுக்கு இன்னும் தெரியாது."

உங்களுக்கு இன்னும் தெரியாது.
அந்த ஒரு வரியைத்தான்
எட்டு முறை நடிக்க வேண்டும்.

ஒவ்வொருவர் போனதும் நான் நிரப்ப ஒரு பட்டியல்.
உட்கார்ந்தாரா? பெயரைக் கேட்டாரா?
'இறந்துவிட்டார்' என்று வாய்விட்டுச் சொன்னாரா?
போய்விட்டார், தவறிவிட்டார், நம்மோடு இல்லை,
எதுவும் செல்லாது.

முதல் பெண் சரியாகச் சொன்னாள்,
நானும் சரியாக அழுதேன்.
இரண்டாமவள் என் விரல்களை நெரித்தாள்.
மூன்றாமவன் எல்லாவற்றையும்
சுவர்க் கடிகாரத்திடம் சொல்லிவிட்டுப் போனான்.
ஐந்தாவதற்குள் கண் வற்றிப்போய்
நேரில்லாமல் நிற்கும் என் ஐந்தொகையை நினைத்து
அழ வேண்டியிருந்தது.

ஆறாவது, டூ ஷியோங்.
சட்டையில் பெயர் அட்டை தலைகீழாக.
உட்கார்ந்தான். வாய் திறந்தான். மூடினான்.
உப்புக் கறை ஏறிய என் காலணிகளையே பார்த்தான்.
"வெளியே ரொம்ப வழுக்குதா?" என்றான்.

அது யார் தாளிலும் இல்லை.
அப்பா போன் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி.

அப்புறம் நான் அழுததற்கு
எந்த வகுப்பிலும் பாடம் கிடையாது.
மூக்கு ஒழுகியது. விக்கல் வந்தது.
அவன் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை
என் பக்கம் தள்ளினான், கொஞ்சம் தள்ளினான்,
இன்னும் கொஞ்சம்.
மணி அடிக்கும்வரை அந்தச் சொல்லைச் சொல்லவேயில்லை.

சுழியம் போட்டேன்.
விதி அப்படி.
குறிப்பு எழுதக் கீழே மூன்று வரி இடம் இருந்தது,
பேனாவை வைத்ததும்
ஏழாவது ஆள் கதவைத் தட்டிவிட்டான்.

இரவு அப்பாவிடம் சொன்னேன்:
"இன்றைக்கு நீங்கள் எட்டு முறை செத்தீர்கள்."
"காசு கொடுத்தார்களா?"
"கொடுத்தார்கள்."
"எப்படிச் செத்தேன்?"
"வண்டி சறுக்கி."
கோபம் வந்துவிட்டது அவருக்கு.
"அக்டோபரிலேயே பனி டயர் மாட்டிவிட்டேனே!
எழுதினவனிடம் போய்ச் சொல்."
சொல்கிறேன் என்றேன்.
"மறுபடி எப்போது?"
"வியாழக்கிழமை. நாலு தடவைதான்."

அவர் ஒன்றும் பேசவில்லை. நானும்.
பாலத்தடியில் ஏதோ கப்பல் ஊதியது,
முதலில் போனில், அவர் பக்கமிருந்து;
கொஞ்சம் பொறுத்து, குன்றேறி வந்து,
என் ஜன்னலில்.