கால் கணக்கு

கொக்கு வெள்ளை இல்லை.
நாகர்கோவில் செட்டிகுளம் சந்திப்பில்
செயற்கைப் பல் செய்யும் லேபில்
பதினோரு வருஷமாய் உட்கார்ந்திருப்பவள்
சொல்கிறேன்.

பதினாறு வெள்ளைகள் கோத்த பட்டை ஒன்று
என் மேசையில் கிடக்கும்.
பக்கத்துப் பல்லின் நிறம் பார்த்து
செராமிக் மாவு குழைப்பது என் சோறு.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு
தேரூர் குளத்துக்குப் போவேன்.
உண்ணிக்கொக்கு: ஏ-ஒன்று.
சின்னக்கொக்கு, வெயில் ஏறுமுன்: பி-ஒன்று.
நத்தைக்குத்தி நாரை: சி-நான்கு,
வெற்றிலை விடாத ஆளின் கடைவாய்.

பின்னால் மலை இருக்கிறது. வரைவதில்லை.
காலண்டர்களில் போதுமான மலை இருக்கிறது.

லாரி டியூபில் மிதந்து
தாமரை பறிக்கும் பூதலிங்கம்
கரையேறும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்.
'கொள்ளாம்' என்றால் படம் தேறவில்லை.
ஒன்றும் சொல்லாமல் பீடி பற்றவைத்தால்
பறவை வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆடிச் சாரலில் அவனைப் பார்த்தேன்.
இலைக்கோழி, செம்பு முதுகு, ஆண்.
பெண் முட்டையிட்ட கையோடு
அடுத்தவனைத் தேடிப் போயிருப்பாள்.
அடைகாத்தது இவன்.
பருந்தின் நிழல் ஒன்று தண்ணீரில் வழுக்கிப் போக
குனிந்து, இறக்கையைக் கொஞ்சம் தளர்த்தினான்.
குஞ்சுகள் உள்ளே போயின,
சட்டைப்பையில் சில்லறை விழுவதுபோல்.
எழுந்து இலை இலையாய் நடந்தான்.
விலாவுக்குக் கீழே
எட்டுக் கால்கள் தொங்கின,
அவனுடைய இரண்டு போக.

மூன்று தாள்கள் வீணாயின.
மூன்றிலும் அவன் வீட்டுக்கோழி.
நான்காவதில்
அவன் மிதித்த இலையைத்தான் முதலில் வரைந்தேன்,
ஓரம் அமுங்கி, தண்ணீர் ஏறி.
கனம் வந்தது.
பிறகு அவன் வந்தான்.

மார்த்தாண்டத்து டாக்டர் யேசுவடியான்
கிளினிக்கில் மாட்டப் படம் கேட்டிருந்தார்.
கொடுத்தேன். மறுநாளே போன்.
'பல்லென்றால் அரை மில்லிமீட்டர் பிசகாது உனக்கு,
காலில் எப்படிக் கணக்கு விட்டாய்?
காத்திருக்கிறவர்கள் எண்ணுகிறார்கள்.
ஒரு பையன் பூரான் என்கிறான்.'
விளக்கினேன்.
'சரி, சரி. ஆனால் நான் எத்தனை பேருக்கு விளக்க?
எட்டையும் அழித்துத் தா.'

நீர்வண்ணம். அழிக்கலாம்.
ஈரத் துணி போதும்.
அன்றிரவு துணியை நனைத்துப் பிழிந்து
கையில் வைத்தபடி
படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.
குஞ்சுகளை நான் வரையவில்லை.
அவை உள்ளே இருந்தபோது
நானும் பார்க்கவில்லை.
கால்கள்தான் ஒரே சாட்சி.
அவற்றைத் துடைத்துவிட்டால்
இறக்கைக்குள் இருப்பவை
எதை ஊன்றி இறங்கும்?

துணி காய்ந்துபோனது.
டாக்டருக்கு மீன்கொத்தி ஒன்றைக் கொடுத்தேன்.
இரண்டு கால், ஒரு மீன்.
பணம் அன்றே வந்தது.

அடுத்த ஞாயிறு
இலைக்கோழியைக் குளத்துக்கு எடுத்துப் போனேன்.
இடுப்புவரை சேறோடு வந்த பூதலிங்கம்
கையை லுங்கியில் துடைத்துவிட்டு
உதடு அசைய எண்ணினார்.
'எட்டா?'
'எட்டு.'
'இப்பம் ஆறுதான் தொங்குது பிள்ளே.
செவ்வாக்கிழமை அந்தப் பருந்து...'
மீதியைச் சொல்லாமல்
தீப்பெட்டி தேடினார்.
நனைந்திருந்தது.

படத்தில் எட்டு இருக்கிறது.

இன்று திங்கள்.
யாருடையதோ ஒரு முன்பல்லுக்கு
நிறம் எடுக்கப் பட்டையை விரித்தேன்.
பதினைந்து.
டி-இரண்டைக் காணோம்.
குளத்தில்தான் விழுந்திருக்கும்.
பளபளப்பாய்க் கிடப்பதைக் கண்டு
எந்தக் கொக்காவது ஒருமுறை கொத்திப் பார்த்து,
மீனில்லை என்று
விட்டிருக்கும்.