இரவில் சேர்ப்பது

பிப்ரவரியில் வந்தேன்.
ஏழு மணிக்கு வந்திருக்க வேண்டியவன்,
ஏரிக்கரைச் சாலையைப் பனி மூடிவிட்டதால்
இரவு பதினொன்றரைக்கு.
இரண்டு பெட்டி, ஒரு டிரில் மெஷின், என் தலையணை.
காலையில் பிள்ளைகள் எழுந்து வந்து பார்த்தார்கள்.
ஆக்செல் கேட்டான்: "இன்னும் போகலையா?"
பிரிட்டா எதுவும் கேட்கவில்லை.
கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு
மேசையின் மறுகோடிக்குப் போனாள்.

மார்ச் கடைசியில், விடியுமுன்,
தபால் நிலையத்திலிருந்து அழைப்பு:
"உங்க பெட்டி கத்திக்கிட்டே இருக்கு, சீக்கிரம் வாங்க."
பக்கமெல்லாம் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி.
உள்ளே ஆறு குஞ்சுகள்,
பிறந்து இரண்டே நாளில் மூன்று மாநிலம் கடந்தவை.
மார்னி மடியில் வைத்துக்கொண்டாள்.
ஹீட்டரை முழுவதும் திருகிவிட்டேன்.
வீடு வரை யாரும் பேசவில்லை, அவை மட்டும்.

ஐந்து வாரம் குளியல் தொட்டி அவற்றுடையது.
சிவப்பு விளக்கின் கீழ் மரத்தூளில் புரண்டு
வாலுக்கு முன்பே வாயை வளர்த்தன.
தாதுக் கப்பலுக்குச் சுமை ஏற்றும் என் கூட்டாளிகள்
மோப்பம் பிடித்து எனக்கொரு பெயர் வைத்தார்கள்.

கூண்டுக்குப் பலகை வாங்கக் கிளம்பினேன்.
"எதுக்கு? அப்பாவோட மீன் குடில் சும்மாதானே கிடக்கு."
பிரிட்டா என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.
கராஜுக்குப் பின்னால் நின்றது அது:
உறைந்த ஏரிமேல் இழுத்துப் போய்
உள்ளே உட்கார்ந்து தூண்டில் போடும் மரக்குடில்.
தரையில் ஒரு வட்டத் துளை.
சுவரில் பென்சிலால் அவர் குறித்த மீன்களின் நீளம்.
கோல் அடித்தேன், முட்டையிடப் பெட்டி வைத்தேன்.
துளையின் விட்டத்தை அளக்கும்போது
"அதைத் தொடாத."
தொடவில்லை.
கோழிவலை ஒரு துண்டை மேலே விரித்து
நாலு ஆணி அடித்ததோடு சரி.

செப்டம்பரில் முதல் முட்டை.
ஆக்செல் அதைக் கோட்டுப் பையில் பள்ளிக்குக் கொண்டுபோனான்.
அந்தக் கோட்டை மூன்று முறை துவைத்தோம்.

அக்டோபரில் வீசல் வந்தது.
கட்டைவிரல் நுழையும் கண்ணியில் உடம்பே நுழையும் பிராணி.
ஆறில் இரண்டு.
கழுத்தில் ஊசித் தடம், வேறு காயமில்லை.
மிச்ச நான்கும் மேல்கோலில்
ஒரே கோழி போல ஒட்டிக்கொண்டிருந்தன.
வலையில் சிக்கியிருந்த முடி
குளிர்காலத்துக்காக வெளுக்கத் தொடங்கியிருந்தது.
என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது.
விழுங்கிவிட்டேன். மார்னி என்னைப் பார்த்தாள்.

சாயங்காலம் கராஜில் ரம்பச் சத்தம்.
கோணல்மாணலாகப் பலகை அறுத்துக்கொண்டிருந்தாள் பிரிட்டா.
"ஆணி குடு."
கொடுத்தேன், ஒவ்வொன்றாக, பதினாறு.
துளை மூடியதும்
அவர் எழுதிய கடைசி மீனுக்குக் கீழே
இரண்டு பெயர் எழுதினாள்.

நவம்பரில், வீட்டை விற்றுப் போகும் ஒருவர்
இரண்டு வயசான கோழிகளைத் தந்தார்.
"பகலில் விட்டால் கொத்தியே தீர்த்துவிடும்," என்றார் தீவனக் கடைக்காரர்.
"இருட்டில் கோலில் ஏற்றி வை.
விடிந்து பார்த்தால், எப்போதும் கூடவே இருந்ததாக
நினைத்துக்கொள்ளும்."
பிரிட்டா டார்ச் பிடித்தாள். நான் ஏற்றி வைத்தேன்.
காலையில் நால்வரும் ஜன்னலில் நின்றோம்.
அவை நினைத்துக்கொள்ளவில்லை.
ஒன்றுக்குக் கொண்டை கிழிந்தது.
மற்றது மூன்று நாள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.
"கடைக்காரர் பொய் சொல்லிட்டார்," என்றான் ஆக்செல்.
"நாளாகும்," என்றாள் பிரிட்டா,
யாரையும் பார்க்காமல்.

இது ஜனவரி. மைனஸ் இருபத்தெட்டு.
உறைபனியில் கொண்டை கருகாமலிருக்க
அவள் பிடித்துக்கொள்ள, நான் கையுறை கழற்றி
வாசலின் தடவுகிறேன்.
கிழிந்த கொண்டைக்குக் கொஞ்சம் அதிகம்.
ஆறாவதை இறக்கிவிட்டு மூடியைத் தேடும்போது
"உன் கையும்தான் வெடிச்சிருக்கு,"
டப்பாவை என் பக்கம் தள்ளுகிறாள்.
"முதல்ல கதவைச் சாத்து.
குளிர் உள்ள வருது."